கையில் குடியிருந்த பெயர்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால் பொய்யாகிவிடும். போன வருடம்வரை ஒரு மனிதனின் இடது முன்கையில் ஒரு பெயர் குடியிருந்தது.

நான்கே எழுத்து. பூங்கோதை. கறுப்பு மையில் எழுதி, கீழே ஒரு பச்சை இலையும் வரைந்திருந்தது. அந்தப் பெயர் இருந்த இடம் தோலுக்கு அடியில். அங்கே பகலும் கிடையாது, இரவும் கிடையாது. எந்நேரமும் சாயங்காலத்துச் சிவப்பு வெளிச்சம்தான். எங்கோ தூரத்தில் இதயம் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே பெயர் பாதித் தூக்கத்தில் கிடக்கும்.

பெயருக்குத் தன்னை ஒரு ராணி என்று நினைப்பு. இருக்காதா பின்னே? அதன் ஒவ்வொரு துளி மையையும் ஒரு வெள்ளைக் காவலன் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். வேறு எந்தப் பெயருக்கு இத்தனை காவல் உண்டு?

காவலர்கள் நினைத்தது வேறு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு தேர்த் திருவிழாவில், ஊசி வழியாக ஒரு கறுப்புக் கூட்டம் உள்ளே நுழைந்தது. உடம்பைக் காப்பது அவர்கள் வேலை. திருடர்கள் என்று பாய்ந்து பிடித்தார்கள். விழுங்கிப் பார்த்தார்கள், செரிக்கவில்லை. தூக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. விட்டால் ஓடிவிடுவான் என்று பிடித்த பிடியிலேயே நின்றுவிட்டார்கள்.

காவலர்களுக்கு ஆயுள் குறைவு. சாகப்போகிறவன் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டு, "இவனை விட்டுவிடாதே" என்று மையை அவன் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவான். வாங்கிக்கொண்டவன் ஏன் என்று கேட்கமாட்டான். அங்கே அதுதான் வழக்கம்.

"உன்னை நான் விடமாட்டேன்" என்பான் காவலன்.

"நான் போகிறேன் என்று யார் சொன்னது?" என்று கேட்கும் பெயர்.

இப்படியே போனது காலம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைப் பச்சை குத்தியிருக்கிறது என்றார்கள்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரன் தவசி, மினிபஸ் கண்டக்டர். இருபது வயதில் பூங்கோதை என்ற பெண் மேல் அவனுக்கு ஆசை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே திருவிழாக் கூட்டத்தில் மெஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் முன்னால் போய்க் கையை நீட்டிவிட்டான். பெண்ணிடம் நீட்ட வேண்டிய கடிதத்தை ஊருக்கே நீட்டுகிற ஆண்பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமானது. அவன் பண்ணிக்கொள்ளவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் முதலாளி அவனை வேறு ரூட்டுக்கு மாற்றினார். அந்த ரூட்டில்தான் பூங்கோதை வாழ்க்கைப்பட்ட ஊர் இருந்தது. அவன் கேட்டு வாங்கிய ரூட் இல்லை என்று சொல்வான். நம்பலாம்.

பூங்கோதைக்குப் பால் சங்கத்தில் பால் அளக்கும் வேலை. தினமும் காலையில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் நிறைமதியோடு அந்த பஸ்ஸில் ஏறுவாள். முதல் நாளே அவன் கையைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து கடைசி சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் அவளை எல்லோரும் நிறைமதி அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்; அவள் பேர் யாருக்கும் நினைவில் இல்லை. அந்த ஒன்றுதான் அவளுக்குத் தைரியம்.

ஆனால் நிறைமதி அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். கடைப் பலகை, சுவர் விளம்பரம், ஒன்றையும் விடமாட்டாள். ஒரு நாள் டிக்கெட் கொடுக்க நீண்ட கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூ... ங்... கோ... தை. அம்மா, உன் பேரு."

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பஸ்ஸைவிட வேகமாக ஊர் போய்ச் சேர்ந்தது.

மூன்று நாள் கழித்து, கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் பூங்கோதை இறங்கவில்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"கண்டக்டர் அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"அது என் பேரு. என்கிட்ட கேட்டா எழுதுனீங்க?"

தவசி மற்றக் கையால் அந்தப் பெயரை மூடினான்.

"வீட்டுல மூணு நாளா அடுப்பு எரியல, வாய்தான் எரியுது. எங்க மாமியா என் கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க, உங்க பேரு எங்கேயாச்சும் இருக்கான்னு. வேலைய விட்டுடுன்னு அவரு சொல்றாரு. வேலைய விட்டா நான் அந்த வீட்டுல மூச்சு விட முடியாதுண்ணே."

"எடுத்துடுறேங்க" என்றான் தவசி.

பேச்சு எலும்பு வழியாக உள்ளே இறங்கும். தோலுக்கு அடியில் பெயர் அரைத்தூக்கத்திலிருந்து விழித்துக்கொண்டது. அந்தக் குரல் யாருடையது என்று அதற்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அழுகிறாளே" என்றது பெயர். "எனக்குச் சொந்தக்காரி என்னைப் பார்த்து ஏன் அழுகிறாள்?"

"அசையாதே" என்றான் காவலன்.

தோல் டாக்டர் ஹசீனா கையைத் திருப்பிப் பார்த்தார்.

"குத்திக்க ஒரு மணி நேரம். எடுக்க ஒரு வருஷம். சம்மதமா தம்பி?"

"ஒரே தடவையில போகாதா டாக்டர்?"

"போகாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, குறைஞ்சது ஆறு தடவையாவது வரணும். உங்க தோல் நல்ல கறுப்பு. வேகத்தைக் கூட்டுனா மையோட தோலும் வெளுத்துடும், தழும்பாயிடும். மெதுவாத்தான் போகணும். ரப்பர் பேண்டை இழுத்து விட்டா சுளீர்ங்குமே, அப்படி இருக்கும். கூடவே தாளிக்கிறப்ப எண்ணெய் தெறிச்ச மாதிரி. கொப்புளம் வந்தா உடைக்கக் கூடாது, பொருக்கு வந்தா பிய்க்கக் கூடாது. வெயில் படவே கூடாது, முழுக்கைச் சட்டை போடுங்க. எல்லாம் முடிஞ்சாலும் லேசா ஒரு தடம் தெரியலாம். இதெல்லாம் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடணும்."

தவசி கையெழுத்துப் போட்டான். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, லேசர் மெஷினைக் கைக்கு மேலே கொண்டுவந்தார்கள்.

அப்போதுதான் ஒளி வந்தது.

ஒளி நிற்கத் தெரியாத பிறவி. கண் இமைக்கும் நேரம்கூட அதற்கு மிக நீளம். அந்தச் சிவந்த அந்தியில் திடீரென்று வெள்ளையாக ஒரு விடியல் வந்து, வந்த உடனே போனது. மைக்கட்டிகள் படபடவென்று வெடித்தன. போகிற போக்கில் ஒளி ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போனது.

"என்னால்."

அவ்வளவுதான். மேலே தோலில் பனி பூத்த மாதிரி வெள்ளை படர்ந்து, சற்று நேரத்தில் கலைந்தது. பிறகு வீக்கம், பிறகு நீர்க்கொப்புளம்.

"குத்தும்போதும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுக்கும்போதும் கேட்கவில்லை" என்று முனகியது தோல். "இடம் கொடுத்தவள் நான். அடி வாங்குகிறவளும் நான்."

அது சொன்னதில் தப்பில்லை. பாவம், தோலிடம் யார் கேட்கிறார்கள்?

காவலர்கள் இரண்டு மாதம் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். என்னால் வந்த வினை என்று சொல்கிறதோ என்றான் ஒருவன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கும் என்றான் இன்னொருவன். மன்னிப்புக் கேட்க வந்தவர் இப்படியா அடிப்பார் என்றது தோல்.

இரண்டாம் முறை ஒளி வந்தது. "உடைக்கத்தான்" என்றது. போய்விட்டது.

அந்த முறை அது பச்சை இலையையும் தொட்டுப் பார்த்தது. இலை சோம்பல் முறித்தது. "ஏதோ காற்று அடித்த மாதிரி இருந்ததே" என்று கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

"பச்சை இந்த லேசருக்கு மசியாது தம்பி" என்றார் டாக்டர். "அதுக்கு வேற மெஷின். வேற ஊருக்குத்தான் போகணும்."

"இலை இருந்துட்டுப் போகட்டும் டாக்டர்" என்றான் தவசி. "இலைக்கு மாமியா கிடையாது."

மூன்றாம் முறை ஒளி சொன்னது: "முடியும்."

காவலன் மூன்று சொல்லையும் சேர்த்துப் பார்த்தான். என்னால் உடைக்கத்தான் முடியும்.

"இதைச் சொல்லவா நான்கு மாதம்? உடைத்துப் போட்டுவிட்டுக் கையை விரித்துவிட்டது. ஒரு திருடன் இருந்த இடத்தில் இப்போது நூறு திருடன்."

"என்ன செய்வது?" என்று கேட்டார்கள் மற்றவர்கள்.

"வேறென்ன, பிடியுங்கள். ஒரு தூளைக்கூட விடாதீர்கள்."

சிதறிய தூளையெல்லாம் பொறுக்கி எடுத்து, பழைய இடத்திலேயே, பழையபடியே இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். யார் கையிலும் இப்போது கனம் இல்லை. அதை ஒருவனும் கவனிக்கவில்லை. பிடிப்பது ஒன்றுதானே அவர்களுக்குத் தெரியும்.

"என்னை விடேன்" என்றது பெயர். அது இப்போது புகை மாதிரி ஆகியிருந்தது.

"விட்டால் ஓடிவிடுவாய்."

"ஓடத்தான் விடச் சொல்கிறேன்."

"அது வழக்கமில்லை" என்றான் காவலன்.

அதே சமயம் வெளியே, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கடைசி நிறுத்தத்தில் காலி பஸ்ஸில் தவசி சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தான். 'கோ' பாதி போயிருந்தது. 'பூ' எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு காதில் செருகியிருந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்து, மறைந்த கோடுகளின் மேல் ஒவ்வொன்றாக இழுத்தான்.

ஏன் செய்தாய் என்று கேட்டால் தெரியாது என்பான். எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டே நின்றவனுக்கு, அது போய்விட்டால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று பயம். அவன் கெட்டவன் இல்லை. அவனை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

திரும்புகிற டிரிப்பில் பூங்கோதை மகளோடு ஏறினாள். நாலைந்து மாதமாக அவன் முழுக்கைச் சட்டையைப் பார்த்து வீடு கொஞ்சம் அடங்கியிருந்தது. அவளும் நடுச் சீட்டுவரை வந்திருந்தாள். அவன் டிக்கெட்டை நீட்டினான். ஏற்றிய சட்டைக் கையை இறக்க மறந்துபோயிருந்தான்.

அவள் நீலக் கோடுகளைப் பார்த்தாள். டிக்கெட்டை வாங்கவில்லை.

"அழிக்கிறீங்கன்னு நம்புனேண்ணே."

"இல்லைங்க, இது வந்து..."

"மறுபடி எழுதிட்டீங்க. இந்தத் தடவையும் கேக்கல."

அடுத்த நிறுத்தத்தில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் அந்த பஸ்ஸுக்கு வரவில்லை. இரண்டு மைல் நடந்து மெயின் ரோட்டில் வேறு பஸ் பிடித்தாள். நிறைமதி தினமும் பள்ளிக்கூடத்துக்குப் புழுதிக் காலோடு போனாள். இதையெல்லாம் டிரைவர்தான் தவசியிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "ஒனக்கு ஒரு பேரு, அதுங்களுக்கு ரெண்டு மைலு" என்றார்.

அன்று மாலை தவசி அதுவரை கழுவாமல் வைத்திருந்த பேனா மையைத் தேய்த்துக் கழுவினான். உள்ளே பெயர் நிமிர்ந்து பார்த்தது. மேலே தன்னைப் போலவே ஒன்று நீலமாக நின்றதும், ஒரு கை தண்ணீரில் அது வழிந்து போனதும் அதற்குத் தெரிந்தது.

"எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது" என்றது பெயர். "அதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது."

அந்தப் பேச்சு காவலனுக்கு எங்கோ தைத்தது.

நான்காம் முறை ஒளி வந்தது. எல்லோரும் பேச்சு முடிந்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தார்கள்? அது முடியவில்லை.

"சுமக்க" என்றது ஒளி.

இரண்டு மாதம் கழித்து, "வேண்டியது" என்றது.

கடைசிச் சொல்லுக்குக் காவலர்கள் காத்திருந்த இரண்டு மாதம், அந்தக் கையில் அதுவரை யாரும் அறியாத அமைதி. யாரும் சண்டை போடவில்லை. இதயம் தட்டுவது மட்டும் கேட்டது. ஒரு காவலன் சாகப்போகும்போது வழக்கப்படி பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டான். 'இவனை விட்டுவிடாதே' என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே கண்ணை மூடிவிட்டான்.

ஆறாம் முறை ஒளி வந்தது. போகும்போது காவலனை நேராகப் பார்த்தது.

"நீ."

சுமக்க வேண்டியது நீ என்று காவலன் சேர்த்துப் பார்த்தான். பிறகு முதல்முறையாகத் தன் கையைக் குனிந்து பார்த்தான். அதில் இருந்தது ஒரு சிட்டிகைத் தூள். இதற்கா இந்தப் பிடி பிடித்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. காலை எடுத்து வைத்தான். கால் நகர்ந்தது. அவன் நடப்பதைப் பார்த்து அடுத்தவன் நடந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். ஆளுக்கு ஒரு சிட்டிகையாகப் பெயரைத் தூக்கிக்கொண்டு, தோலுக்குக் கீழே நிறமில்லாமல் ஓடும் ஒரு சின்ன நிணநீர் ஓடையில் இறங்கினார்கள். ஒளியின் வேலை கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. இவர்கள் வேலைக்கு மாதங்கள் ஆயின. யாரும் அவசரப்படவில்லை.

"எங்கே போகிறோம்?" என்று கேட்டது பெயர். குரல் எங்கெங்கிருந்தோ வந்தது.

"தெரியாது. அக்குள் பக்கம் ஒரு முடிச்சு இருக்கிறதாம். பாதித் தூள் அங்கேயே தங்கிவிடுமாம். மீதி வெளியே போய்விடுமாம்."

"அங்கே என்னை யாராவது படிப்பார்களா?"

"மாட்டார்கள்."

"நல்லது" என்றது பெயர். "படித்துப் படித்துத்தான் இப்படி ஆனது. ஒரு பெயர் என்றால் கூப்பிட வேண்டும், காவலா. கூப்பிட்டால் ஆள் திரும்ப வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் என்னை யாரும் அவளைப் பார்த்துக் கூப்பிடவே இல்லை. நான் பெயராகவே இருக்கவில்லை."

அதற்குப் பிறகு அது பேசவில்லை. ஓடை அவர்களை மெல்லக் கொண்டுபோனது. காவலன் முடிச்சில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவன் கைகள் இரண்டும் காலியாகத் தொங்கின. அவற்றை என்ன செய்வது என்று முதலில் அவனுக்குத் தெரியவில்லை. வீசிப் பார்த்தான். நன்றாக இருந்தது.

ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்தது. மெயின் ரோட்டுக்குப் போகிற பாதையில் முழங்கால் தண்ணீர். வேறு வழியில்லாமல் பூங்கோதை மகளோடு மினிபஸ்ஸில் ஏறினாள். ஏறும்போதே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

தவசி வந்தான். மழையில் நனைந்த சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தான். இந்தத் தடவை மறந்து அல்ல.

அவள் பார்த்தாள். முன்கையில் ஒரு பச்சை இலை இருந்தது. அதற்கு மேலே தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. நிறைமதியும் பார்த்தாள், அங்கே படிக்க ஒன்றுமில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு முழு, ஒரு அரை" என்றாள் பூங்கோதை.

டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். வேறு பேச்சு இல்லை. பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பள்ளிக்கூட நிறுத்தத்தில் ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு குடை விரித்துக்கொண்டு இறங்கினார்கள். அவளும் இறங்கினாள். விசில் அடிக்கப் போனபோதுதான் அவன் பார்த்தான். சீட்டில் பிள்ளையின் மதியச் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது.

தூக்கை எடுத்துக்கொண்டு படிக்கு ஓடினான்.

"ஏங்க" என்று கூப்பிட்டான். மழைச் சத்தத்தில் நாலு பெண்கள் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை.

"இந்தாங்க, நிறைமதி அம்மா" என்றான். அவள் குடை தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

தவசி ஒரு நிமிடம் படியிலேயே நின்றான். கையில் எழுதத் தெரிந்திருந்த அந்த நாலு எழுத்தை அவன் வாய் அதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பஸ் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். தூக்கில் ஒரு பிள்ளையின் சாப்பாடு இருந்தது.

"பூங்கோதை" என்று சத்தமாகக் கூப்பிட்டான்.

பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.